கோபுரம் கொஞ்சம் காத்திருக்கட்டும்

உங்கள்ல பல பேருக்கு அந்த போன் வந்திருக்கும். "அண்ணாச்சி, ஊர்க் கோயிலை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டுறோம். உங்க குடும்பத்துப் பேருல ஒரு தூண் எடுத்துக்கோங்க." கூடவே வாட்ஸ்அப்புல ஒரு படம். வானத்தைத் தொடுற கோபுரம், முன்னாடி புல்தரை, நாலு கார். எங்க ஊர்ல புல்தரையும் கிடையாது, நாலு காரும் கிடையாது. ஆனா படத்துல இருக்கும்.

(தெற்க நாங்க சர்ச்சைக் கோயில்னுதான் சொல்லுவோம். போதகரை ஐயர்னு கூப்பிடுவோம். பட்டணத்து ஆளுங்க குழம்பிரக் கூடாதுன்னு சொல்லி வைக்கிறேன்.)

எங்க ஊர்லயும் இப்ப அந்தப் பேச்சுதான். வர்ற ஸ்தோத்திரப் பண்டிகைக்குள்ள முடிவு எடுக்கணுமாம். பழைய கோயில்ல ஓடு சரிஞ்சு மழைக்கு ஒழுகுது, அது நிஜம். அதைச் சரி பண்ணணும், அதுவும் நிஜம். ஆனா ஒழுகுற ஓட்டை மாத்துறதுக்கும் ஊர் பூரா கடன் வாங்கிக் கோபுரம் தூக்குறதுக்கும் நடுவுல நிறைய தூரம் இருக்கு. இடிஞ்சு கிடக்கிறது ஓடு மட்டும் இல்ல, முதல்ல எடுத்துக் கட்ட வேண்டியது வேற ஒண்ணுன்னு நான் நினைக்கிறேன். சபைக் கூட்டத்துல இதைச் சொன்னப்போ பாதிப் பேர் முறைச்சாங்க. அதனால விவரமா இங்க எழுதுறேன்.

ஆகாயைப் பாதியில நிறுத்தாதீங்க

கட்டட நிதிக் கூட்டம் எந்த ஊர்ல நடந்தாலும் ஆகாய் தீர்க்கதரிசி புத்தகம் கட்டாயம் வெளியே வரும். பழைய ஏற்பாட்டுல ரெண்டே அதிகாரம் உள்ள சின்னப் புத்தகம். உங்க வீட்டுக்கு மட்டும் மச்சுப் பாவிக்கிட்டீங்க, கடவுளோட வீடு பாழாக் கிடக்கேன்னு அவர் கேட்ட கேள்வியைச் சொல்லித்தான் ரசீதுப் புத்தகத்தை நீட்டுவாங்க.

கதை இதுதான். கி.மு. 586இல் பாபிலோன்காரன் எருசலேமைப் பிடிச்சு, சாலொமோன் கட்டின ஆலயத்தை எரிச்சான். ஜனங்களை நாடு கடத்தினான். 538இல் பாரசீக ராஜா கோரேஸ், ஊருக்குத் திரும்பிப் போய் ஆலயத்தைக் கட்டுங்கன்னு அனுமதி கொடுத்தார். திரும்பி வந்தவங்க அஸ்திவாரம் போட்டாங்க. அக்கம்பக்கத்து எதிர்ப்பு, பயம், அவங்கவங்க வயித்துப்பாடு, எல்லாம் சேர்ந்து வேலை அப்படியே நின்னுபோச்சு. பதினைஞ்சு வருஷத்துக்கு மேல நின்ன வேலையை 520இல் மறுபடி தட்டி எழுப்பினவர்தான் ஆகாய். அஞ்சு வருஷத்துல, 515 வாக்கில், ஆலயம் எழும்பிருச்சு.

விவசாயி ஆகாயைப் படிச்சா வேற மாதிரி இருக்கும். நிறைய விதைச்சு, கொஞ்சமா வீட்டுக்கு வருது. சம்பாதிக்கிற கூலி ஓட்டைப் பைக்குள்ள போகுது. பனி பெய்யல, பூமி விளையல. களத்துல 20 அளவு தேறும்னு வந்து பார்த்தா 10தான் இருக்கு. திராட்சை ஆலையில 50 எதிர்பார்த்தா 20தான். கடைமடையில பிசானம் நட்டுட்டு மறுகால் தண்ணிக்கு வானத்தைப் பார்க்கிற எங்களுக்கு இதுக்கு உரை எதுவும் தேவையில்ல. உரம், நடவுக்கூலி, அறுப்பு மிஷின் வாடகை எல்லாம் போக மிச்சம் பார்த்தா அந்த ஓட்டைப் பைதான் ஞாபகத்துக்கு வரும்.

ஆகாய் கட்டடத்தைத்தான் கேட்டார், அதை நான் மறைக்கல. ஆனா வரிசையைப் பாருங்க. ஜனங்க மனசு திரும்பிக் கேட்க ஆரம்பிச்சதும், ஒரு கல்லைக்கூடத் தொடுறதுக்கு முன்னாடி, கடவுள் உங்க கூடத்தான் இருக்கார்ங்கிற வார்த்தையை ஆகாய் சொல்றார். அதுக்குப் பிறகுதான் அவங்க வேலைக்கு வர்றாங்க. வேலை தொடங்கி ஒரு மாசம்கூட முடியல, கட்டடம் இன்னும் இடிபாடுதான், மறுபடியும் சொல்றார்: அவருடைய ஆவி உங்க நடுவுலதான் இருக்கு, பயப்படாதீங்க. அதாவது, வீடு முடிஞ்ச பிறகு கடவுள் குடிவந்தார்னு இல்ல. அவர் ஏற்கெனவே அந்த இடிபாட்டுக்குள்ள, அந்த ஜனங்க நடுவுல இருந்தார். இருந்ததனாலதான் அவங்களால கட்ட முடிஞ்சது.

நம்ம கூட்டங்கள்ல இந்தப் பாதியை யாரும் வாசிக்கிறதே இல்ல.

மதில் வேலைக்கு நடுவுல ஒரு கூக்குரல்

ஆகாய்க்கு எழுபத்தஞ்சு வருஷம் கழிச்சு, கி.மு. 445 வாக்கில், நெகேமியா வர்றார். ஆலயம் இருக்கு, ஊருக்கு மதில் இல்ல. 52 நாள்ல மதிலைக் கட்டி முடிச்சார். நம்ம பிரசங்கங்கள்ல அந்த 52 நாளுக்குத்தான் கைதட்டல். எனக்குப் பிடிச்சது வேற ரெண்டு இடம்.

ஒண்ணு, யார் யார் கட்டினாங்கங்கிற பட்டியல். தட்டார் கட்டினார், தைலக்காரர் கட்டினார், ஒரு அதிகாரி தன் பெண்பிள்ளைகளோட வந்து கட்டினார். பல பேர் அவங்கவங்க வீட்டுக்கு எதிர்ல உள்ள பகுதியைக் கட்டினாங்க. ஒரு ஊர்ப் பெரிய மனுஷங்க மட்டும் வேலைக்குத் தோள் கொடுக்கலன்னும் எழுதி வச்சிருக்கு. இது பணம் அனுப்பிக் கட்டின மதில் இல்ல.

இன்னொண்ணு அஞ்சாம் அதிகாரம். மதில் வேலை மும்முரமா நடக்கிறப்போ ஏழை ஜனங்க, பெண்களும் சேர்ந்து, கூப்பாடு போடுறாங்க. சாப்பாட்டுக்குத் தானியம் வாங்க வயலையும் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வச்சாச்சு, ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கியாச்சு, பிள்ளைகளை அடிமையா விட வேண்டியதாப் போச்சு. கடன் கொடுத்து வட்டி வாங்கினவன் வெளியூர்க்காரன் இல்ல, சொந்த சகோதரன். பக்கத்துல நின்னு அதே மதிலுக்குக் கல் தூக்குறவன்.

'முதல்ல மதில் முடியட்டும், உங்க பிரச்சினையை அப்புறம் பார்க்கலாம்'னு நெகேமியா சொல்லல. கோபப்பட்டார். பெரிய மனுஷங்களைக் கூட்டி வச்சுச் சபையில கேட்டார். வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் ஒலிவத் தோப்பையும் வீட்டையும் இன்னைக்கே திருப்பிக் கொடுங்க, நூத்துக்கு ஒண்ணுன்னு வாங்கின வட்டியையும் விடுங்கன்னார். அவங்களும் சரின்னாங்க. தானும் தன் ஆட்களும் கொடுத்த கடனையும் அவர் அந்தக் கணக்குல சேர்த்துக்கிட்டார்.

நூத்துக்கு ஒண்ணு! எங்க ஊர்ல நூத்துக்கு மூணு, நூத்துக்கு அஞ்சுன்னு மாச வட்டி ஓடுது. நடவுக்கு முன்னாடி தாலிக்கொடி அடகுக்குப் போகும், அறுப்புல திரும்பினாத் திரும்பும். வட்டிக்கு விடுறவரும் வாங்குறவரும் ஞாயித்துக்கிழமை ஒரே பெஞ்சுலதான் உட்கார்றாங்க. தூணுக்கு இவர் பேர்ல ஒரு லட்சம் எழுதுவார், அவர் பேர்ல ஐநூறு எழுதுவார். அந்த ஒரு லட்சத்துக்குள்ள அவரோட வட்டியும் இருக்கும். நெகேமியா மட்டும் எங்க சபைக் கூட்டத்துக்கு வந்தார்னா, கட்டட வரைபடத்தைச் சுருட்டி வச்சுட்டு முதல்ல வட்டி நோட்டைத்தான் கேட்பார்.

பவுல் சொன்ன பண்ணை

புதிய ஏற்பாட்டுக்கு வந்தா விஷயம் இன்னும் கிட்ட வருது. ஏரோது காலத்துல புதுப்பிச்ச ஆலயத்தைக் கட்ட 46 வருஷம் ஆச்சுன்னு யூதர்கள் சொன்னப்போ, இயேசு தன்னோட சரீரத்தையே ஆலயம்னு பேசினார்னு யோவான் எழுதுறார். கி.பி. 70இல் ரோமப் படை அந்த ஆலயத்தை இடிச்சுப் போட்டது. ஆனா அதுக்குப் பதினைஞ்சு வருஷம் முன்னாடியே, எருசலேம்ல பலிபீடத்துல புகை எழும்பிக்கிட்டு இருந்தப்பவே, கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிட்டார்: நீங்கதான் கடவுளோட ஆலயம், அவருடைய ஆவி உங்களுக்குள்ள குடியிருக்கு. அப்போ கொரிந்து கிறிஸ்தவங்களுக்குன்னு ஒரு கட்டடமும் கிடையாது. வீடுகள்லதான் கூடினாங்க.

இதுல கவனிக்க ரெண்டு விஷயம் உண்டு. ஆலய வளாகம் முழுசுக்கும் கிரேக்கத்துல ஒரு சொல், உள்ளே இருக்கிற சந்நிதிக்கு வேற சொல். பவுல் எழுதினது ரெண்டாவது சொல். வெளிப்பிரகாரம்னு சொல்லல, சந்நிதியே நீங்கதான்னு சொல்றார். அடுத்தது, அந்த 'நீங்க' மரியாதைக்குச் சொன்ன 'நீங்க' இல்ல, பன்மை. தமிழ்ல நமக்கு ரெண்டுக்கும் ஒரே சொல்ங்கிறதால தனக்கு மட்டும் சொன்னதா எடுத்துக்கிறோம். நீங்க எல்லாரும் சேர்ந்து ஒரே ஆலயம்ங்கிறதுதான் அங்க பேச்சு. ஒவ்வொருத்தர் உடம்பும் ஆலயம்னு அதே கடிதத்துல ஆறாம் அதிகாரத்துல தனியாச் சொல்றார். மூணாம் அதிகாரத்துல சொல்றது சபையை.

எதுக்கு அதைச் சொல்ல வேண்டி வந்ததுன்னா, கொரிந்துவுல கட்சி. நான் பவுல் ஆளு, நான் அப்பொல்லோ ஆளு. பவுல் அதுக்கு முதல்ல வயக்காட்டு உதாரணம்தான் சொல்றார். நான் நட்டேன், அப்பொல்லோ தண்ணி பாய்ச்சினார், விளையச் செய்தது கடவுள். நீங்க அவருடைய பண்ணை. அதுக்குப் பிறகுதான் கட்டடம், ஆலயம்னு போறார். இந்த ஆலயத்தைக் கெடுக்கிறவனைக் கடவுள் சும்மா விடமாட்டார்னு கண்டிப்பாச் சொல்றதும் இங்கேதான். கெடுக்கிறதுன்னா சுவரை இடிக்கிறது இல்ல. ஒண்ணா இருக்கிற சபையைப் பிளக்கிறது.

எங்க சபைத் தேர்தலைப் பார்த்தவங்களுக்கு இது புரியும். ரெண்டு அணி, ரெண்டு நோட்டீஸ், தேர்தல் முடிஞ்ச பிறகும் ஒரு அணிக்காரங்க வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொரு அணி போறது இல்ல. சில ஊர்கள்ல ஜாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம்னு செத்த பிறகும் சுவர் நிக்குது. அதே கொரிந்துல வசதியானவங்க முன்னாடியே வந்து சாப்பிட்டு முடிக்க, இல்லாதவங்க பசியோட நின்னதையும் பவுல் கண்டிச்சிருக்கார். நம்ம பக்கத்து அசனத்துக்கு அர்த்தமே அதுதானே? ஊர்க்காரங்க எல்லாரும் ஒரே சோறு, ஒரே குழம்பு, தரையில உட்கார்ந்து. வருஷத்துல அந்த ஒரு மத்தியானம் நாம ஆலயமா இருக்கோம்னு எனக்குத் தோணும்.

குடியிருக்கிறதும் வந்துட்டுப் போறதும்

கடவுள் நமக்குள்ள வாசம் பண்றார்னு ஜெபத்துல சாதாரணமாச் சொல்லிடுறோம். 'வாசம்'னா குடியிருப்பு, தமிழ்ல அதுக்கு மணம்னும் அர்த்தம் உண்டு. ஆள் புழங்குற வீட்டுல அடுப்புப் புகை, சோறு வேகுற மணம், ஈரத்துணி வாடை எல்லாம் இருக்கும். எங்க தெருவுல பூட்டிக் கிடக்கிற வீடுகள் நிறைய. எல்லாம் நல்லாக் கட்டின வீடு. சொந்தக்காரங்க கிறிஸ்மஸுக்கு வந்து ரெண்டு நாள் லைட் போட்டுட்டுப் போவாங்க. பத்து வருஷத்துல கதவு நிலையில கரையான், தரையில விரிசல், கிணத்துக்குள்ள அரச மரம். ஆள் இல்லாத வீடு சீக்கிரம் இடியும்ங்கிறது ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

மனுஷனுக்கும் அப்படித்தான்னு நினைக்கிறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் கடவுளை வந்துட்டுப் போகச் சொன்னா அவர் விருந்தாளி. முன்னறையில உட்கார வச்சுக் காப்பி கொடுத்து அனுப்பிடலாம். குடிவச்சா அவர் எல்லா அறைக்கும் வருவார். கணக்கு நோட்டு இருக்கிற அறைக்கு, தம்பியோட வரப்புத் தகராறு நடக்கிற புறவாசலுக்கு, பாட்டில் ஒளிச்சு வச்சிருக்கிற மோட்டார் ரூமுக்கு.

மோட்டார் ரூம்னதும் ஒருத்தர் ஞாபகம் வருது. எனக்கு அண்ணன் முறை. குடிச்சுக் குடிச்சு ரெண்டு வயல் ஒத்திக்குப் போச்சு. இப்ப மூணு வருஷமாத் தொடுறது இல்ல. எப்படிண்ணே விட்டீங்கன்னு ஒரு நாள் வரப்புல உட்கார்ந்து கேட்டேன்.

"நான் எங்கடே விட்டேன். கோயிலுக்கு வெளிய வேப்ப மூட்டுலயே நிப்பேன், உள்ள போகக் கூசும். ஒரு நாள் ஐயர் வந்து பக்கத்துல நின்னாரு. 'நீங்க உள்ள வர முடியலன்னாப் பரவாயில்ல, அவரு உங்களுக்குள்ள வருவாரு'ன்னாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. இந்தக் குப்பைக்குள்ளயா வருவாருன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, குப்பையை அள்ளுனேன். ஆறு மாசம் அதுதான் வேலை. உங்க மதினி கூட இருந்து அள்ளுனா."

நெகேமியா கதையிலயும் இதே வார்த்தை வருது. சுமக்கிறவங்க பலம் குறைஞ்சுபோச்சு, இடிபாட்டு மண் ரொம்பக் கிடக்கு, எங்களால முடியலன்னு வேலைக்காரங்க சொல்றாங்க. கட்டுறதுல கஷ்டமான பகுதி கல் வைக்கிறது இல்ல, பழைய இடிபாட்டை அள்ளுறதுதான். எங்க வயலுக்கும் அதே கதை. பல வருஷம் உப்பு உரம் மட்டும் போட்டுச் செத்துப்போன மண்ணை ஒரே போகத்துல திருப்ப முடியாது. சணப்பும் தக்கைப்பூண்டும் விதைச்சு, பூக்கிறப்போ மடக்கி உழுது, கிடை போட்டு, ரெண்டு மூணு வருஷம் பொறுத்தா மண்புழு தானா வரும். உயிரை மூட்டையில வாங்கி வந்து கொட்ட முடியாது. அது வந்து தங்குறதுக்கு ஏத்த மண்ணா ஆக்கலாம், அவ்வளவுதான் நம்ம வேலை.

பாட்டையாக்கள் கட்டலையா?

சபைக் கூட்டத்துல ஒரு பெரியவர் கேட்டார். "நம்ம பாட்டையாக்கள் பனையேறிக் கருப்பட்டி வித்தும், கைப்பிடி அரிசி எடுத்தும் கோயில் கட்டலையாடே? அவங்களுக்கு இந்த வேதாந்தம் எல்லாம் தெரியாதா?"

நியாயமான கேள்வி. நம்ம பக்கத்துக் கோயில்கள் எனக்கும் பெருமைதான். ஆனா அவங்க கட்டின முறையையும் பார்க்கணும். இடையன்குடியை எடுத்துக்கோங்க. கால்டுவெல் அங்க வந்தது 1841. இப்ப நாம பார்க்கிற பெரிய கோயில் பிரதிஷ்டை ஆனது 1880. நடுவுல ஏறக்குறைய நாப்பது வருஷம். பள்ளிக்கூடம், வேதம் வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைகள், சபை, இதெல்லாம் முதல்ல. 1876-78 தாது வருஷப் பஞ்சமும் அதுக்குள்ளதான் வந்துட்டுப் போச்சு. எழும்பின ஜனங்க கடைசியா எழுப்பின கட்டடம் அது. கைப்பிடி அரிசியும் அப்படித்தான். தினமும் உலை வைக்கிறப்போ அந்த அம்மா ஒரு பிடி எடுத்துத் தனியா வச்சா. அந்தக் கலயத்துக்குப் பக்கத்துலதான் அவ ஜெபம் பண்ணினா. கோயில் அவ அடுப்படியிலேயே ஆரம்பிச்சாச்சு. ஒரே தடவையில் ஜிபே பண்ணி, பேரு சரியா வெட்டியிருக்கான்னு கல்வெட்டுப் போட்டோ கேட்கிறது அதே காரியம் இல்ல.

என்னைவிட வயசுல மூத்த ஒரு அத்தை எங்க தெருவுல இருக்காங்க. ரெண்டு பையன்களும் பெரிய தொகை கொடுத்திருக்காங்க, நல்ல பிள்ளைகள்தான். அத்தைக்குக் கண் தெரியல. தினம் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து ஒரு அதிகாரம் வாசிச்சுக் காட்டுது. அந்த நேரம் அந்தத் திண்ணையில ரெண்டு பேர்தான் இருக்காங்க. ஆனா ரெண்டு மூணு பேர் கூடினா நடுவுல இருப்பேன்னு இயேசு சொன்னது அந்தக் கணக்குக்குத்தான். எங்க ஊர்ல ஏற்கெனவே எழும்பி நிக்கிற கோயில் அந்தத் திண்ணை.

நான் கேட்கிறது

கூட்டத்துல நான் வச்ச யோசனை பெரிசா ஒண்ணும் இல்ல. மழைக்கு முன்னாடி ஓட்டையும் உத்தரத்தையும் மாத்துவோம். கோபுரம் அஞ்சு வருஷம் காத்திருக்கட்டும். சேர்ந்த பணத்துல பாதியை நடவுக் கைமாத்தா வட்டியில்லாம ஓட விடுவோம். அறுப்புல திருப்பிக் கொடுத்தா அடுத்த ஆளுக்குப் போகும். அஸ்திவாரக் கல் போடுற அன்னைக்கு ரெண்டு அணிக்காரங்களும் ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் சாப்பிட்டுட்டு வரணும். காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னாடி வச்சுட்டுப் போய் முதல்ல சகோதரனோட சமாதானம் ஆகுன்னுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கு.

வெளியூர்ல இருக்கிற உங்ககிட்டயும் ஒண்ணு. பணம் அனுப்புறதுக்கு முன்னாடி ஊருக்கு ஒரு போன் போட்டு, கோயில் எப்படி இருக்குன்னு கேட்காம சபை எப்படி இருக்குன்னு கேளுங்க. யார் வீட்டுல அடுப்பு எரியல, யார் யாரோட பேசல, யார் குடியை விடப் போராடுறாங்கன்னு கேளுங்க. அந்தப் பதிலை வச்சு எதுக்கு அனுப்பணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

முடிஞ்சா ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வாங்க. ஏலத்துல முதல் பூசணிக்காயை யார் எடுக்கிறாங்கன்னு பார்த்துட்டு, அசனச் சோறு சாப்பிட்டுட்டு, அன்னைக்கே பஸ் ஏறிராம ரெண்டு ராத்திரி உங்க வீட்டைத் திறந்து தங்குங்க. சாவி எங்க வீட்டு மாடத்துலதான் இருக்கு.